கட்டுச்சோறும் கடவுச்சீட்டும்

ஸ்ரீவில்லிபுத்தூர் ரயில் நிலையத்துக்கு இரவு பொதிகை எக்ஸ்பிரஸ் வரும் நேரம். ஒரே நிறத் தொப்பியும் ஒரே மாதிரிப் பையுமாகப் பத்துப் பன்னிரண்டு ஜோடிகள் சேர்ந்து நின்றால் ஊர்க்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. குரூப் டூர் கிளம்புகிறது. முன்பெல்லாம் அப்படி நிற்பவர்களிடம் "காசிக்கா?" என்றுதான் கேட்பார்கள். இப்போது "எந்த நாட்டுக்கு?" என்று கேட்கிறார்கள். துபாய், சிங்கப்பூர், ஐரோப்பா என்று வந்த பதில்களின் வரிசையில் இப்போது தென்னாப்பிரிக்காவும் சேர்ந்திருக்கிறது. கேப் டவுன், க்ரூகர் காடு, விக்டோரியா அருவி என்று பத்துப் பன்னிரண்டு நாள் பயணம். "மதினி, பருப்புப்பொடி எடுத்து வச்சுட்டீகளா?" என்ற கேள்வி மட்டும் அன்றிலிருந்து இன்றுவரை மாறவில்லை.

பருப்புப்பொடியில்தான் வரலாறே இருக்கிறது. கூட்டமாகச் சேர்வது, வழி தெரிந்த ஒருவரைத் தலைவராக வைப்பது, செலவைப் பொதுவாகப் போடுவது, சமையலுக்கு ஆள் கூட்டிப் போவது, புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தே போவது எல்லாம் டிராவல்ஸ் கம்பெனிகள் கண்டுபிடித்த ஏற்பாடுகள் அல்ல. இந்த வட்டாரம் பல தலைமுறையாகப் பழகி வைத்திருந்த யாத்திரை வழக்கம் அது. அதன் மேல் விமான டிக்கெட் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். தென்னாப்பிரிக்கா மட்டும் இந்த வழக்கத்துக்கு வெகுகாலம் அடைபட்டே கிடந்தது. அந்தக் கதையைத் தெரிந்துகொண்டு போகிற தம்பதியருக்கு அந்த மண் வேறு மாதிரி தெரியும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மாலைகூடப் பயணம் போகும். ஆண்டாள் சூடிக் களைந்த மாலை சித்திரைத் திருவிழாவுக்காக மதுரைக்கு, அழகரிடம் போகிறது. புரட்டாசி பிரம்மோற்சவத்துக்காகத் திருப்பதி போகிறது. தமிழக அரசின் முத்திரையில் நாம் தினமும் பார்க்கும் கோபுரம், பதினொரு நிலையும் 192 அடி உயரமுமான இவ்வூர் வடபத்ரசாயி கோயிலின் கோபுரம்தான். நடந்து வந்த யாத்ரீகர்களுக்கு அந்தக் கோபுரமே வழிகாட்டி. பக்கத்து ராஜபாளையமோ தெலுங்கு நாட்டிலிருந்து கிளம்பி வந்த ராஜூக்கள் குடியேறி வளர்த்த ஊர். நெடும்பயணம் அவர்களுக்கு வம்ச வரலாறு.

வழியில் தங்க இடம் வேண்டும். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் போட்ட சாலைகளும் கட்டிய சத்திரங்களும் தென் மாவட்டங்களில் இன்னும் பேச்சில் உண்டு; 'மங்கம்மா சாலை' என்ற பெயர் பல ஊர்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ராஜபாளையத்துக்குப் பக்கத்தில், மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்து உலகமெங்கும் அனுப்பும் சத்திரப்பட்டியின் பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. இரவு தங்க ஒரு திண்ணை, குடிக்க ஒரு கிணறு, கூடவே கொண்டு வந்த கட்டுச்சோறு. பழைய யாத்திரை இவற்றின் மேல்தான் நடந்தது.

கட்டுச்சோறு என்றால் கைக்கு வந்ததைப் பொட்டலம் கட்டுவது என்று நினைத்துவிடக் கூடாது. அதற்கு ஒரு பக்குவம் உண்டு. முதல் நாள் சாப்பிடத் தயிர்சாதம், அதுவும் பாலில் பிசைந்து ஒரு கரண்டி தயிர் மட்டும் விட்டது. வழியிலேயே புளித்துத் தயிராகிவிடும். இரண்டாம் நாளுக்குப் புளியோதரை. புளிக்காய்ச்சலில் நல்லெண்ணெய் மேலே மிதக்க வேண்டும். சோறு உதிரி உதிரியாக ஆறிய பிறகே கலக்க வேண்டும். வாட்டிய வாழை இலையில் சூடில்லாமல் கட்ட வேண்டும். தண்ணீர்க் கை பட்டால் அன்றைக்கே கெட்டுவிடும். இந்தப் பக்குவத்தை மாமியாரிடமிருந்து மருமகள் கற்றாள். இன்று வெளிநாட்டு ஓட்டல் அறையில் எலெக்ட்ரிக் கெட்டிலில் வெந்நீர் வைத்து, அவலில் புளிக்காய்ச்சல் பிசைந்து காலை பலகாரத்தை முடிக்கும் அம்மாவுக்கும் அந்த அறிவுதான் கைகொடுக்கிறது.

பொதுவாக, குரூப் டூர் என்றதும் இங்கிலாந்தின் தாமஸ் குக் பெயரைச் சொல்வார்கள். 1841இல் லெஸ்டர் நகரிலிருந்து லஃப்பரோ வரை, ஆளுக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில், சுமார் 500 பேரை அவர் ரயிலில் கூட்டிப்போனார். அதற்குப் பதினொரு ஆண்டுகளுக்கு முன்பே, 1830 மே 18 அன்று, சென்னையிலிருந்து ஏனுகுல வீராசாமி ஏறத்தாழ நூறு பேருடன் காசிக்குக் கிளம்பிவிட்டார். சென்னை சுப்ரீம் கோர்ட்டில் துவிபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். குடும்பத்தார், உறவினர், வேலையாட்கள், பல்லக்குச் சுமப்போர், கூடாரங்கள் என்று ஒரு சிற்றூரே நகர்ந்தது. கடப்பை, ஹைதராபாத், நாக்பூர், பிரயாகை, காசி, கயை, கல்கத்தா, பூரி வழியாகச் சுற்றி 1831 செப்டம்பர் 3 அன்று சென்னை திரும்பினார். எந்த ஊரில் என்ன கிடைக்கும், எங்கே தண்ணீர் நல்லது, எங்கே சுங்கம் கேட்பார்கள் என்று அவர் தெலுங்கில் எழுதி வைத்த குறிப்புகள் 1838இல் 'காசியாத்ரா சரித்ர' என்ற புத்தகமாக வந்தன. இன்றைய டூர் மேனேஜர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் விவரம் அத்தனையும் அதில் இருக்கிறது.

காசி யாத்திரையைத் தம்பதியராகச் செய்வதே சிறப்பு என்பது இங்கே வழிவழி வந்த நம்பிக்கை. முதலில் ராமேஸ்வரம். சேதுக் கரையில் நீராடி, மணல் எடுத்து முடிந்துகொள்ள வேண்டும். அந்த மணலைப் பிரயாகையில், திரிவேணி சங்கமத்தில் கரைக்க வேண்டும். அங்கிருந்து எடுத்துவரும் கங்கை நீரால் மறுபடி ராமேஸ்வரத்தில் அபிஷேகம் செய்தால்தான் யாத்திரை நிறைவு. சங்கமத்தில் வேணிதானம் என்று ஒரு சடங்கு நடக்கும். வீட்டில் ஒரு நாளும் மனைவியின் தலையைத் தொட்டு வாரியிராத கணவர், அவளைத் தம் முன்னால் உட்காரவைத்து, சீப்பால் வாரி, பின்னலிட்டு, பூச்சூட்டி, நுனி மயிரைக் கத்தரித்து ஆற்றில் விடுவார். அறுபது வயதுக் கிழவர் நடுங்கும் விரல்களால் பின்னலிடத் திணறுவதும், சுற்றி நிற்கும் கூட்டத்து மனைவிமார்கள் சிரித்தபடி சொல்லிக்கொடுப்பதும் அந்தப் படித்துறையில் இன்றும் பார்க்கலாம். தம்பதியர் கூட்டுப் பயணத்துக்கு இதைவிட அழகான காட்சி கிடையாது.

தமிழ்க் கூட்டங்கள் காசியில் திண்டாடாமல் இருந்ததற்கு முக்கியக் காரணம் அங்கே 1863இல் நகரத்தார் நிறுவிய சத்திரம். தங்க இடமும் தமிழ்ச் சாப்பாடும் தமிழ்ப் பேச்சும் கிடைத்தன.

ரயில் வந்ததும் வேகம் கூடியது. 1876இல் மதுரை–தூத்துக்குடி ரயில் பாதை திறந்ததும், விருதுபட்டி (இன்றைய விருதுநகர்), சாத்தூர் நிலையங்கள் வரை மாட்டுவண்டியில் போய் ரயிலேறலாம் என்றானது. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் சொந்த ரயில் கிடைக்க மேலும் ஐம்பது ஆண்டுகள் பிடித்தன. விருதுநகர்–தென்காசிப் பாதை 1927இல் வந்தது. இதற்கிடையே 1914இல் பாம்பன் பாலமும் திறந்துவிட்டதால் ராமேஸ்வரம் வரை ரயிலிலேயே போக முடிந்தது. பஞ்சுப் பேட்டையாக இருந்த ராஜபாளையம் 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்லோடு ஆலை நகரமாயிற்று. மாதச் சம்பளம் வந்தது, சீட்டுக் கட்டுவது பெருகியது. மாதாமாதம் சீட்டுக் கட்டி யாத்திரை போகும் குடும்பங்கள் இந்த ஆலை நகர வாழ்க்கையின் வார்ப்புகள்.

1927 இந்தக் கதைக்கு இன்னொரு வகையிலும் முக்கியமான ஆண்டு. அக்டோபர் மாதம் காந்தி ராஜபாளையத்துக்கு வந்தார். இந்த ஊர் மக்கள் கண்ட மனிதர், இருபது ஆண்டுகளுக்கு மேல் தென்னாப்பிரிக்காவில் தமிழர்களோடு வாழ்ந்து, சிறை சென்று, நடந்து திரும்பியவர். அவர் வழியாகத்தான் அந்தத் தொலைதூர மண்ணோடு நம் உறவு அரசியலாகவும் மாறியது. ராஜபாளையத்துக்காரரான பி.எஸ். குமாரசாமி ராஜா காங்கிரஸ் வழியில் போய், 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் பிரதமராகவும் முதலமைச்சராகவும் இருந்தார். தம் சொந்த வீட்டையே காந்தி கலை மன்றமாகக் கொடுத்தவர் அவர்.

ஆனால் தென்னாப்பிரிக்காவுக்குப் போன முதல் தமிழ்க் கூட்டத்தை யாரும் டூர் கூட்டிப் போகவில்லை. 1860 அக்டோபரில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' என்ற கப்பல், அந்த ஆண்டு நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் 342 பேர் இருந்தார்கள். நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கான ஒப்பந்தக் கூலிகள். முதலாம் ஆண்டில் மாதச் சம்பளம் 10 ஷில்லிங். ஆளுக்கொரு எண். 1911இல் அந்த முறை நிற்பதற்குள் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அப்படிப் போனார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு சென்னையில் கப்பலேறியவர்கள். வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு, தஞ்சாவூர்ப் பக்கத்து ஏழை விவசாயிகளோடு ஆந்திரக் கடற்கரையோரத் தெலுங்கர்களும் இருந்தார்கள். நம் தென்பாண்டிச் சீமையிலிருந்து பஞ்சம் பிழைக்கக் கிளம்பியவர்கள் பெரும்பாலும் பக்கத்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனார்கள். இரண்டுமே ஒரே துயரத்தின் இரு கிளைகள்.

நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்பது கப்பலின் கணக்கு. அதனால் ஒப்பந்தக் கூலிகளில் சேர்ந்து வாழ்ந்த தம்பதியர் குறைவு. அப்படி வாழ்ந்தவர்களையும் சட்டம் நிம்மதியாக விடவில்லை. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல், மறு ஒப்பந்தமும் போடாமல் அங்கேயே தங்குகிறவர்கள் ஆண்டுக்கு 3 பவுண்டு வரி கட்ட வேண்டும் என்று 1895இல் நேட்டால் அரசு சட்டம் போட்டது. கணவனுக்கு 3, மனைவிக்கு 3, வயது வந்த பிள்ளைகளுக்குத் தனித்தனியே 3. மாதம் சில ஷில்லிங் சம்பாதிக்கும் வீட்டுக்கு இது கழுத்தை நெரிக்கும் தொகை. அதற்கு மேல் 1913 மார்ச் 14 அன்று கேப் உச்ச நீதிமன்ற நீதிபதி சேர்ல் ஒரு தீர்ப்புச் சொன்னார். கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதிவு செய்யப்படாத திருமணங்கள் சட்டப்படி செல்லாது என்பது அதன் பொருள். தாலி கட்டி முப்பது ஆண்டு வாழ்ந்தவளும் சட்டத்தின் பார்வையில் மனைவி அல்ல.

இந்தத் தீர்ப்புதான் பெண்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. டிரான்ஸ்வால் மாகாணத்திலிருந்து பெரும்பாலும் தமிழர்களான பதினொரு பெண்கள், பலர் கைக்குழந்தையோடு, அனுமதியில்லாமல் எல்லை தாண்டி நேட்டாலில் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய்த் தொழிலாளர்களை வேலை நிறுத்தத்துக்கு அழைத்தார்கள். காந்தியோடு போராடிய தம்பி நாயுடுவின் மனைவி வீரம்மாளும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். சுரங்கம் நின்றது. 1913 நவம்பர் 6 அன்று காந்தியின் தலைமையில் 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் சார்லஸ்டவுனிலிருந்து டிரான்ஸ்வால் எல்லையைக் கடந்து நடந்தார்கள். தென்னாப்பிரிக்க மண்ணில் நம்மவர்கள் போன மிகப் பெரிய கூட்டுப் பயணம் அது. அவர்களுக்கும் கட்டுச்சோறு இருந்தது. நாளுக்கு ஆளுக்கு ஒன்றரை பவுண்டு ரொட்டி, ஓர் அவுன்ஸ் சர்க்கரை. புளியோதரை பழகிய வாய்கள் அந்தக் காய்ந்த ரொட்டியைத் தின்றபடி நடந்தன.

அந்தப் போராட்டத்தில் சிறை சென்றவர் வள்ளியம்மை. அன்றைய தஞ்சை மாவட்டத் தில்லையாடியைச் சேர்ந்த முனுசாமி முதலியாரின் மகள், ஜோகன்னஸ்பர்க்கிலேயே பிறந்தவர். சிறையில் கண்ட காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22 அன்று, தமது பதினாறாவது பிறந்தநாளில், இறந்துபோனார். அதே ஆண்டு நிறைவேறிய இந்தியர் நிவாரணச் சட்டம் 3 பவுண்டு வரியை நீக்கியது; நம் திருமணங்களைத் திருமணங்கள் என்று ஏற்றுக்கொண்டது. இன்று கேப் டவுன் ஓட்டலில் 'மிஸ்டர் அண்ட் மிசஸ்' என்று ஒரே அறைச் சாவியை வாங்கும் தம்பதியர் இந்தச் சட்டத்தை ஒரு நிமிடம் நினைக்க வேண்டும்.

போனவர்கள் திரும்பி வரும் வழியும் கசப்பானது. 1927இன் கேப் டவுன் உடன்பாட்டில் இந்தியாவுக்குத் திரும்பும் பெரியவர்களுக்கு ஆளுக்கு 20 பவுண்டு தருவதாகத் தென்னாப்பிரிக்க அரசு சொன்னது. அனுப்பிவிடுவதற்கான விலை அது. ஏமாந்து கப்பலேறி வந்த பலருக்குச் சென்னையில் சொந்தமும் இல்லை, வேலையும் இல்லை. அதே ஆண்டு, இந்திய அரசின் முதல் ஏஜென்டாக வலங்கைமான் வி.எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரி அங்கே போனார்.

பிறகு கதவை நாமே சாத்தினோம், அதுவும் சரியான காரணத்துக்காக. நிறவெறிக்கு எதிராக 1946இல் தென்னாப்பிரிக்காவுடன் வணிக உறவை முறித்துக்கொண்ட முதல் நாடு இந்தியா. அதன்பின் வெகுகாலம் இந்தியக் கடவுச்சீட்டு தென்னாப்பிரிக்கப் பயணத்துக்குச் செல்லாததாக இருந்தது. காசி, கண்டி, லண்டன் எங்கும் போகலாம். ஒன்றரை லட்சம் பேரை அனுப்பிய அந்த நாட்டுக்கு மட்டும் போக முடியாது. அக்கா அங்கே, தம்பி இங்கே என்று பிரிந்த குடும்பங்கள் கடிதத்தாலேயே காலம் தள்ளின. 1992 நவம்பரில் இந்தியக் கிரிக்கெட் அணி டர்பன் கிங்ஸ்மீட் மைதானத்தில் டெஸ்ட் ஆடியபோதுதான் நம் வீட்டுத் தொலைக்காட்சிகளில் அந்த ஊரும், நம் முகச்சாயல் கொண்ட பார்வையாளர்களும் தெரிந்தார்கள். 1993 நவம்பரில் தூதரக உறவு மீண்டது. 1994இல் நெல்சன் மண்டேலா அதிபரானார். அதற்குப் பிறகே டூர் கம்பெனிகளின் விளம்பரத்தில் தென்னாப்பிரிக்கா ஏறியது. இந்த டூருக்கு வயது முப்பதுதான் ஆகிறது.

அந்த முப்பது ஆண்டில் வழக்கமான பாதை ஒன்று உருவாகிவிட்டது. ஜோகன்னஸ்பர்க்கில் இறங்கி, 19,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் விரிந்த க்ரூகர் காட்டில் சிங்கம், யானை. பிறகு கேப் டவுனில் மேஜை மலைக்கு ரோப் காரில் ஏற்றம். நேரம் இருந்தால் ராபன் தீவு. சிலர் ஜிம்பாப்வே பக்கம் போய் 108 மீட்டர் விழும் விக்டோரியா அருவியில் நனைந்து திரும்புகிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு விலங்கு புதிதல்ல. சாம்பல் நிற மலை அணில் துள்ளும் காடு ஊருக்கு மேற்கே நிற்கிறது. 2021 முதல் அது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தில் சேர்ந்திருக்கிறது. ஆனாலும் திறந்த வெளியில் கண்ணெதிரே நடந்துபோகும் சிங்கத்தைப் பார்க்கிற வியப்பு வேறு. அதைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

குறை வேறொன்று. இந்தப் பாதை பெரும்பாலும் டர்பனை விட்டுவிடுகிறது. நம்மவர்கள் கரும்பு வெட்டிய மண், மவுண்ட் எட்ஜ்கோம்பில் கிஸ்தப்ப ரெட்டி 1898இல் கட்டிய பிள்ளையார் கோயில், காவடியும் தீமிதியும் இன்றும் நடக்கும் மாரியம்மன் கோயில்கள் எல்லாம் அங்கேதான். தோட்ட முதலாளிகள் ஈஸ்டருக்கு விட்ட விடுமுறையில் நம் தொழிலாளர்கள் அம்மனுக்கு விழா எடுத்தார்கள். அந்தப் பழக்கத்தால் ஈஸ்டர் நாட்களை ஒட்டி அங்கே பூக்குழி இறங்குகிறார்கள். ஏறக்குறைய அதே காலத்தில், பங்குனியில், ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய மாரியம்மன் கோயிலிலும் பூக்குழி. கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே அம்மன், ஒரே நெருப்பு. அதைப் பார்க்காமல் திரும்பினால் டூரில் பாதிதான் பார்த்ததாக அர்த்தம்.

ராபன் தீவுக்குப் போகிறவர்களும் ஒன்றைக் கேட்டறிய வேண்டும். மண்டேலா தம் 27 ஆண்டுச் சிறைவாசத்தில் 18 ஆண்டுகளை அங்கே கழித்தார் என்று வழிகாட்டி சொல்வார். அதே தீவில் பத்தாண்டுகள் அடைபட்டுக் கிடந்த இந்திரஸ் நாயுடு, நியூகாசிலுக்குப் போன வீரம்மாளின் பேரன். பாட்டியின் போராட்டம் பேரன்வரை தொடர்ந்தது.

டர்பனுக்குப் போக நாள் போதவில்லை என்றால்கூட ஒரு வழி இருக்கிறது. ஏறக்குறைய எல்லா டூரும் ஜோகன்னஸ்பர்க்கைத் தொட்டுத்தான் போகிறது. அந்த நகரத்தின் நடுவிலேயே பிராம்ஃபான்டைன் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வள்ளியம்மையின் சமாதி அங்கேதான். போராட்டத்தில் சிறைக் கொடுமையால் உயிர்விட்ட இளைஞர் நாகப்பனின் சமாதியும் அங்கேதான். இரண்டு நினைவுக் கற்களும் 1914 ஜூலை 15 அன்று, காந்தியும் கஸ்தூர்பாவும் தென்னாப்பிரிக்காவை விட்டுக் கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பு, திறக்கப்பட்டன. பஸ்ஸை நிறுத்திப் பார்த்துவர ஒரு மணி நேரம் போதும். இந்த இடம் பெரும்பாலான அச்சிட்ட பயணத் திட்டங்களில் இருப்பதில்லை; கேட்டால்தான் சேர்ப்பார்கள். ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ அடுத்த தென்னாப்பிரிக்கக் கூட்டம் சேரும்போது, முன்பணம் கட்டும் முன்பே டூர் மேனேஜரிடம் பிராம்ஃபான்டைன் என்ற பெயரைச் சொல்லித் திட்டத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.